பிடித்துக்கொண்ட காலிப்பர்: மலைப்பாதையில் ஓடும் பழைய காருக்கு எந்த வழி?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், ஒரு ஜூலை மாதக் காலையில், பர்லியாறு பழக்கடைகளின் முன் காரை நிறுத்தினேன். பலாவும் மங்குஸ்தானும் மணக்க வேண்டிய இடத்தில் பிரேக் பேட் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. வலது முன்சக்கரம் சூடாக இருந்தது; இறக்கத்தில் அது இயல்புதான். இடது முன்சக்கரத்தின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனபோது ஒரு சாண் தூரத்திலேயே அனல் அடித்தது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் பேட் டிஸ்க்கை விடாமல் பற்றியபடியே வந்திருக்கிறது.

வண்டி 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி. 1976இல் வெளிவந்த டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது; நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். ஆறு ஆண்டுகள் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கொட்டகையில் ஓடாமல் நின்றிருந்தது. அதை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு பட்டறையில் முன் காலிப்பர்கள் இரண்டுக்கும் புதிய சீல் போட்டுத் தந்தார்கள். பெடலை மிதித்ததும் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டனை நகர்த்தி, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதிதான் காலிப்பர்; பிஸ்டனைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். இரண்டு மாதம்தான் தாங்கியது. அதன் பிறகு என்ன செய்வது என்று கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: மறுபடி சீல் மட்டும் மாற்று, பிஸ்டனையும் மாற்று, கோவையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கு, பிஸ்டன் ஓடும் துளைக்குள் புதிய உறையாக ஸ்லீவ் போடு, காயலான் கடையில் வேறு காலிப்பர் எடு, வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழை. ஒவ்வொன்றையும் விசாரித்தும், சிலவற்றைச் செய்து பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சமவெளியில் ஓடும் காருக்கும் நம் காருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,400 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டருக்கும் அதிகமான குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கும். மிச்சமெல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாகி, பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குள் போகிறது. அதே சரிவில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் மலை ரயிலைப் பாருங்கள். சாதாரணச் சக்கர பிரேக் அதற்குப் போதாது என்று பல்சக்கரத்துக்கும் தனியாக பிரேக் வைத்திருக்கிறார்கள். கோவை நகருக்குள் பல ஆண்டு ஓடிவிடும் அரைகுறைப் பழுதுபார்ப்பு இங்கே இரண்டு மாதத்தில் வெளிப்படுவது இதனால்தான். இன்னொன்று ஈரம். தென்மேற்குப் பருவமழை, அடுத்து வடகிழக்குப் பருவமழை, இடையில் பனிமூட்டம் என்று ஆண்டின் பெரும்பகுதி காற்றில் நீர் தொங்கும் ஊர் இது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஓடாமல் நின்ற காரில் அந்த ஈரம் காலிப்பருக்குள்தான் துருவாகிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், குற்றவாளி காலிப்பர்தானா என்று உறுதி செய்யுங்கள். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே காரைச் சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஜாக்கியில் தூக்கி, காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகான பிளீடிங் நிப்பிளைக் கால் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுழன்றால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். பிஸ்டனைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டிருக்கும். ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே விடுபடாமல் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையாவிட்டால்தான் பிஸ்டன் இறுகியிருக்கிறது. நாற்பது ஆண்டு பழைய ஹோஸை வைத்துக்கொண்டு காலிப்பருக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஹோஸ் எப்படி இருந்தாலும் இந்த வேலையோடு சேர்த்துப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

என் காரில் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை.

இனி, காலிப்பருக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் சதுர வெட்டுடைய ரப்பர் வளையம். அது பிஸ்டனில் மாட்டப்பட்டதன்று. காலிப்பர் துளையின் சுவரில் வெட்டிய ஒரு காடியில் உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சாயும். காலை எடுத்ததும் நிமிரும். நிமிரும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். பிஸ்டனைத் திருப்பி இழுக்க இந்த வகைக் காலிப்பரில் வேறு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள விடுதலை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று: ஆயிலைத் தடுத்து நிறுத்துவது சீலும் பிஸ்டனின் மேற்பரப்பும் சேர்ந்துதான்; துளையின் சுவருக்கு அதில் பங்கு குறைவு. மாஸ்டர் சிலிண்டரில் துளையின் சுவர் பழுதானால் எல்லாம் போயிற்று. காலிப்பரில் சுவரில் சிறு துருக்குழிகள் இருந்தாலும் பெரிய குறையில்லை, பிஸ்டனில் இருந்தால்தான் தீராத தொல்லை. இரண்டு: சீல் உட்காரும் காடியின் அடியில் துரு படிந்தால், அது சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிக்கும். சீல் புதிதாக இருந்தாலும் நெரிக்கும். என் காருக்குப் புதிய சீல் போட்டவர்கள் காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யவில்லை என்பதைக் கழற்றியபோது கண்ணால் பார்த்தேன். செம்மண் அப்பியது போல் இருந்தது.

ஆகவே முதல் வழியான சீல் கிட் மட்டும் மாற்றுவது தவறான வழியன்று. பிஸ்டன் நன்றாக இருக்கும்போது மட்டுமே சரியான வழி. பிஸ்டனைத் துடைத்து நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் தட்டக்கூடாது. குரோம் பூச்சு உரிந்த இடமோ ஊசிமுனைக் குழியோ இருந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பதில் பயனில்லை. பூச்சு போன இடத்தில் அடியிலிருக்கும் இரும்பு அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பேட் தேய்ந்திருக்கும்போது பிஸ்டன் வெளியே நீண்டு நிற்கும். தூசி மறைக்கும் பூட் கிழிந்திருந்தால், அந்த நீண்ட பகுதியில்தான் துரு பிடிக்கும். சீல் அதைத் தொடுவதில்லை என்பதால் தொல்லையும் தெரியாது. புதிய பேட் மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும் நாளில் அந்தத் துரு சீலுக்கு அடியில் போய் உட்காருகிறது. பேட் மாற்றியதிலிருந்து பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

என்னுடைய நான்கு முன் பிஸ்டன்களில் மூன்றில் நகம் தட்டியது. எனவே பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டும். எனக்கு மிக அதிக நேரம் பிடித்தது இந்த இடத்தில்தான், ஏனென்றால் மூன்று வகையான பிஸ்டன்கள் கிடைக்கும்.

முதலாவது, முதலில் இருந்ததைப் போன்ற குரோம் பூசிய எஃகுப் பிஸ்டன், சீல் கிட்டோடு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. டபிள்யூ123 உலகெங்கும் லட்சக்கணக்கில் ஓடிய கார் என்பதால் இன்றும் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் காலிப்பரின் உடலில் வார்த்திருக்கும் பெயரைத் துடைத்துப் படியுங்கள்: இந்தக் கார்களில் ஏட் (ATE) நிறுவனக் காலிப்பரும் உண்டு, பெண்டிக்ஸ் காலிப்பரும் உண்டு. ஒன்றின் கிட் மற்றதற்குப் பொருந்தாது. பெயரோடு நின்றுவிடாமல், பிஸ்டனின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

இரண்டாவது, பழைய பிஸ்டனையே கோவையில் ஹார்டு குரோம் பூச்சு ஏற்றிச் சாணை பிடித்து வாங்குவது. பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துருக்குழி ஆழமாக இல்லாதபோது இது நல்ல வழி. ஆனால் குழிகள் முற்றிலும் மறையும் வரை முதலில் கடைய வேண்டும், பிறகு தாராளமாகப் பூச்சு ஏற்ற வேண்டும், கடைசியில் பழைய அளவுக்கே சாணை பிடிக்க வேண்டும். ஹார்டு குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. பூச்சு மெல்லியதாக இருந்தால் ஈரம் அவற்றின் வழியே இறங்கிவிடும். உதிரிபாகம் எங்குமே கிடைக்காத கார் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

மூன்றாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகக் கடைவது. இதற்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள், நானும் ஆசைப்பட்டேன். துருவே பிடிக்காது, எஃகைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் ஆயிலுக்குப் போகும் சூடும் குறையும். மலைக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மாஸ்டர் பிஸ்டனைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “எந்த ஸ்டெயின்லெஸ் தம்பி?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. சந்தையில் எளிதாகக் கிடைப்பது 304 ரகம். சூட்டில் அது காலிப்பரின் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 60 மில்லிமீட்டர் பிஸ்டனின் சூடு 100 டிகிரி ஏறினால் 304 பிஸ்டன் 0.1 மில்லிமீட்டர் பருக்கும். வார்ப்பிரும்புத் துளை 0.065 அளவுக்குத்தான் அகலும். குளிர்ந்த நிலையில் விரல்பட்டாலே வழுக்கிக்கொண்டு இறங்கும்படி இறுக்கமாகக் கடைந்த பிஸ்டன், காட்டேரி தாண்டி வளைவுகளில் சூடேறியதும் துளைக்குள் நெருக்கி நிற்கும். வேலை சுத்தமாகத் தெரியவேண்டும் என்று இடைவெளியைக் குறைத்துக் கடைவது லேத்காரர்களின் பெருமை. இங்கே அந்தப் பெருமை ஆபத்து. 410, 420 போன்ற ரகங்கள் வார்ப்பிரும்போடு ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. துரு எதிர்ப்பு 304 அளவுக்கு இல்லை என்றாலும் இந்த வேலைக்கு அவைதான் பொருத்தம். ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்தால் ரகத்தின் எண்ணை எழுதிக் கொடுங்கள். அசல் பிஸ்டனின் தேயாத பகுதியை அளந்து அந்த அளவையும் எழுதிக் கொடுங்கள். சில ஏட் பிஸ்டன்களின் முகத்தில் ஒரு படி வெட்டு இருக்கும், பேட் சத்தமிடாமல் இருப்பதற்காக. அதை விட்டுவிட்டு மொட்டையாகக் கடைந்து வாங்கிவராதீர்கள்.

ஸ்லீவ் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துளையின் சுவர் ஆயிலைத் தடுப்பதில்லை என்றபோதே அதன் தேவை பெரும்பாலும் போய்விடுகிறது. காடியின் விளிம்பே உடைந்து உதிர்ந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆனால் ஸ்லீவில் காடியையும் புதிதாக வெட்ட வேண்டும். அசல் காடியின் அடி சமமாக இருக்காது, சற்றே சரிந்திருக்கும். விளிம்பிலும் ஒரு சிறு சாய்வு வெட்டு உண்டு. பிஸ்டன் பின்வாங்கும் அந்த மயிரிழையைத் தீர்மானிப்பது அந்தச் சரிவும் சாய்வும். சாதாரணச் சதுரக் காடியாக வெட்டிக் கொடுத்தால் ஒழுகாத காலிப்பர் கிடைக்கும், சக்கரத்தை விடாத காலிப்பராகவும் அது இருக்கும். இதை அனுபவமில்லாத கைகளில் கொடுக்க எனக்கு மனமில்லை.

உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய காலிப்பர் தேடுவதற்கும் ஒரு பயன் இருக்கிறது, உடலுக்காக மட்டும். உங்கள் காலிப்பரின் உடல் விரிசல் விட்டிருந்தாலோ நிப்பிள் உள்ளேயே முறிந்திருந்தாலோ வாங்கலாம். கழற்றிப் போட்ட காலிப்பர் எத்தனை மழையை வாய் திறந்தபடி பார்த்திருக்குமோ. அதை அப்படியே மாட்டிக்கொண்டு பர்லியாறு இறங்குவது என்பது என்னால் நினைத்துப் பார்க்க முடியாதது.

முற்றிலும் புதிய காலிப்பர் வாங்குவது கவலையற்ற வழி. செலவுதான் கேள்வி. எனக்குக் கிடைத்த விலைகளில், ஒரு ஜோடி முன் காலிப்பருக்கான சீல் கிட்டின் விலையை ஒன்று என்று வைத்தால், பிஸ்டன்களும் சேர்ந்து ஐந்து மடங்கு, புதிய காலிப்பர் ஜோடி சுங்கவரியோடு பதினைந்து மடங்கைத் தாண்டியது. காடி கெட்டு, உடலும் அரித்துப்போனவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. என்னுடையவை துடைத்ததும் உறுதியான வார்ப்பாகவே இருந்தன.

நான் எடுத்த முடிவு: பழைய உடல், காடி நன்றாகச் சுரண்டியது, குரோம் பூசிய புதிய பிஸ்டன் நான்கு, புதிய சீலும் பூட்டும், புதிய ஹோஸ். இடது சக்கரம் மட்டும் பிடித்தது என்பதற்காக இடது பக்கம் மட்டும் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்காத முன்பிரேக், ஈரமான கொண்டை ஊசி வளைவில் காரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் கழற்றுவதிலும் கழுவுவதிலும்தான் பாதி வேலை கெடுகிறது. இறுகிய பிஸ்டனை வெளியே கொண்டுவர, காலிப்பர் காரில் இருக்கும்போதே பேடை எடுத்துவிட்டு, ஒரு மரத்துண்டை இடையில் வைத்துப் பெடலை மெதுவாக மிதிப்பது மிக நல்ல முறை. பெடலின் அழுத்தத்துக்குப் பெரும்பாலான துரு வழிவிடும். காரிலிருந்து கழற்றிய பிறகு என்றால், நிப்பிள் துளையில் பொருத்தும் மூட்டோடு கிரீஸ் கன்னை வைத்துத் தள்ளலாம். பிறகு அந்தக் கிரீஸின் தடமே இல்லாமல் கழுவ வேண்டும். கம்ப்ரசர் காற்றை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். 8 பார் காற்று 60 மில்லிமீட்டர் பிஸ்டனை 230 கிலோ விசையோடு தள்ளும். அது விடுபடும் கணத்தில் எதிரே விரல் இருந்தால் விரல் இருக்காது. காலிப்பரின் இரண்டு பாதிகளையும் பிரிக்கவும் வேண்டாம். இடையில் ஆயில் போகும் வழிக்கு ஒரு சிறு சீல் உண்டு. அது கிட்டில் வராமலும் போகலாம்.

கழுவுவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தட்டில் போடுவது பழக்கம். பிரேக் சீலின் ரப்பர் தாது எண்ணெய் எதையும் தாங்காது. பட்டால் ஊறிப் பருத்துவிடும். முன்பு என் காலிப்பரிலிருந்து எடுத்த இரண்டு மாதச் சீல் காடியைவிட்டுப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நால்வர் உட்கார்ந்த காரை அந்த ரப்பரை நம்பித்தான் இறக்கியிருக்கிறேன். ஸ்பிரிட் கொண்டு கழுவுங்கள். மாட்டும்போது புதிய பிரேக் ஆயிலையே தடவுங்கள், அல்லது பிரேக் ரப்பருக்கென்று விற்கும் சிவப்புக் கிரீஸ். கிட் கிடைக்கவில்லை என்று ஹார்டுவேர் கடை ஓ-ரிங்கைப் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதன் ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல், பிரேக் ஆயிலில் கெட்டுப்போகும்; வட்ட வெட்டு பிஸ்டனைச் சரியாகப் பின்வாங்கவும் விடாது.

பிரேக் ஆயிலின் ரகங்களில் நான் டாட் 4 போடுகிறேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். டாட் 3க்கு இவை 205, 140. சிலிகோனால் ஆன டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது என்பதைக் கேட்டு அதற்கு மாற நினைப்பவர்கள், உள்ளே நுழைந்த நீர் அதில் கரையாமல் தனியே தங்கும் என்பதையும் நினைக்க வேண்டும். அது போய்ச் சேரும் தாழ்ந்த இடம் காலிப்பர். இந்த ஈரமான ஊரில் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்; டாட் 4ஐ ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுகிறேன்.

வேலை முடிந்து முதலில் ஊட்டிக்கு ஏற்றினோம். அங்கே பெடல் சற்றுக் கனமாக இருப்பதாகக் கூட வந்த பட்டறை அண்ணன் கவலைப்பட்டார். அது காலிப்பரின் குறையன்று. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காலின் மிதிக்குத் துணைநிற்கும் வெற்றிட பூஸ்டரின் உதவியும் அதற்கேற்பக் குறையும். மறுநாள் இரண்டாம் கியரில் மேட்டுப்பாளையம் இறங்கி, பர்லியாறில் அதே இடத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் புறங்கையால் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே சூடு. ஆனால் பின்பக்கம் வலது சக்கரம் இடதைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தக் காரில் கைபிரேக் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் தனி டிரம்மில் வேலை செய்கிறது. ஆகவே கைபிரேக் ஷூவா, காலிப்பரா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, நிப்பிளைத் திறந்து, கைபிரேக்கைத் தளர்த்தி, ஒவ்வொன்றாக. பின் காலிப்பருக்கான கிட்டையும் சொல்லி வைத்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.